கரன்ட் இல்லாத வீட்டில் பால் புட்டி

கேள்வி: அக்கா, என் மகளுக்கு இரண்டு மாதம். பிரசவ லீவு முடிந்து தையல் பேக்டரிக்குத் திரும்பிவிட்டேன். பகலில் மாமியார்தான் பவுடர் பால் கொடுக்கிறார். கரன்ட் எப்போது போகும் என்றே தெரியாததால் காலையிலேயே மூன்று புட்டி கலக்கி வைத்துவிட்டுப் போகிறேன். தண்ணீர் கடையில் வாங்கும் 20 லிட்டர் பாட்டில்தான். இது சரியா?
வாசகி, தாம்வே, ரங்கூன்

பதில்: தங்கச்சி, கலக்கி வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். நம் ஊர் வெயிலில், பிரிட்ஜ் ஓடாத வீட்டில், கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. குழந்தை வாய் வைத்துவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பவுடர் விற்கிற விலைக்கு மனசு வராது, தெரியும். ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

புது டின் பவுடரிலும் கிருமி இருக்கலாம். குரோனோபாக்டர், சால்மோனெல்லா என்று இரண்டைச் சொல்வார்கள். அபூர்வமாகத்தான் வரும், வந்தால் உங்கள் மகள் வயதுக் குழந்தைகளைத்தான் கடுமையாகப் படுத்தும். அதைக் கொல்வது சூடுதான். 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் பவுடரைக் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதனால்தான். கடைத் தண்ணீர் குடிக்கச் சுத்தமாக இருக்கலாம், கிருமியே இல்லாத தண்ணீர் அல்ல. அதையும் தளதளவென்று கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

கரன்ட் போனால் என்ன செய்வது? பிளாஸ்க்தான் வழி. காலையில் கேஸிலோ கரியடுப்பிலோ கொதிக்க வைத்து, நல்ல பிளாஸ்க்கில் வாய் வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். நிறைய இருந்தால்தான் சூடு பல மணி நேரம் நிற்கும். பாதி பிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். ஆவி பறக்காத தண்ணீரென்றால் மாமியாரை மறுபடி கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். பசிக்கும்போது புட்டியில் முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். டின்னோடு வரும் கரண்டியில், தலை தட்டி, டின்னில் போட்ட கணக்குப்படியே. சூடு என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவதும், பசி தாங்கட்டும் என்று ஒரு கரண்டி கூடப் போடுவதும் பிள்ளைக்கு ஆபத்து. மூடிய புட்டியைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கொடுக்கலாம்.

டீக்கு ஊற்றும் கண்டென்ஸ்டு மில்க்கைக் கரைத்துக் கொடுப்பவர்களை இங்கே பார்த்திருக்கிறேன். அது சர்க்கரைப் பாகு மாதிரி, குழந்தைக்குப் பாலே அல்ல.

புட்டியை சோப்பும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவுங்கள், ரப்பரை உள்புறம் வெளியே திருப்பித் தேயுங்கள். அங்கேதான் பால் ஏடு ஒட்டிக்கொள்ளும். பிறகு 10 நிமிடம் தண்ணீருக்குள் முழுக மூழ்கியபடி கொதிக்கட்டும். இதற்கெல்லாம் நேரமில்லாத நாளில், மாமியாரிடம் பழைய பாலாடை, அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், இருக்குமே, அதை எடுக்கச் சொல்லுங்கள். மூலை முடுக்கு இல்லாததால் சுலபமாகக் கழுவிக் கொதிக்க வைக்கலாம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, மெதுவாகப் புகட்ட வேண்டும்.

ராத்திரியும் லீவு நாளிலும் தாய்ப்பாலை விடாதீர்கள். சுரப்பு நிற்காது.

காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பவுடர் டின்னையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் கேட்பார்.