பக்கவாதம் நாட்டுக்கு நாடு ஏன் வேறுபடுகிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பக்கவாதம் என்றாலே மூளை ரத்தக்குழாய் அடைப்புதானே, அதில் நாட்டுக்கு நாடு என்ன வித்தியாசம்?

பதில்: அடைப்பு ஒரு வகைதான். குழாய் வெடித்து மூளைக்குள்ளேயே ரத்தம் கசிவது இன்னொன்று, மூளையைச் சுற்றியுள்ள உறைக்கு அடியில் கசிவது மூன்றாவது. 2019ஆம் ஆண்டின் உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீட்டில் புதிதாக வந்த பக்கவாதங்களில் இவை முறையே சுமார் 62, 28, 10 சதவீதம். பணக்கார நாடுகளில் அடைப்பின் பங்கு இன்னும் அதிகம், ஆசியா, ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் கசிவு கூடுதல்.

கேள்வி: அப்படியென்றால் மரபணுதான் காரணமா?

பதில்: அதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் ஜப்பானைப் பாருங்கள், 1960கள் வரை மூளை ரத்தக்கசிவால் அங்கே ஏராளமானோர் இறந்தார்கள், உப்பைக் குறைத்து பிபியைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்த மரணங்கள் மளமளவெனச் சரிந்தன. இருபது முப்பது வருடத்தில் மரபணு மாறாதே!

கேள்வி: நான் முதுநிலை மாணவி. இரண்டு நாட்டு மருத்துவமனைகளின் பதிவுகளை ஒப்பிட்டதில் ஒன்றில் கசிவு இரண்டு மடங்கு இருக்கிறது. அப்படியே எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. அந்த மருத்துவமனைக்கு யார் வந்து சேர்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். லேசாகக் கை மரத்தவர் வீட்டிலேயே இருந்துவிட்டால், வருபவர்களில் கசிவு அதிகமாகத் தெரியும். கடுமையான கசிவு வந்தவர் வழியிலேயே இறந்துவிட்டால் கணக்கு நேரெதிராகப் புரளும். எல்லோருக்கும் சிடி ஸ்கேன் எடுத்தார்களா, இரண்டு இடத்திலும் நோயாளிகளின் வயது ஒன்றா என்றும் பார்க்க வேண்டும். பக்கவாதத்தோடு கூடவே இருக்கும் இணைநோய்களிலும் இதே சிக்கல்தான். சர்க்கரை நோய் என்று குறித்திருப்பது நோயாளி சொன்னதை வைத்தா, மூன்று மாத சராசரிப் பரிசோதனை செய்தா? பிபியோ பக்கவாதம் வந்த உடனேயே தானாக ஏறும், அன்றைய அளவை மட்டும் வைத்து ஒருவரைப் பழைய பிபி நோயாளி என்று எழுதினால் தப்பு. எனக்கு இந்த வகை ஒப்பீடுகளில் மிகவும் வருத்தம் தருவது இதுதான், எண்கள் அழகாக இருக்கும், எண்ணிய விதம் வேறாக இருக்கும்.

கேள்வி: எந்த இணைநோய் எங்கே அதிகம்?

பதில்: பிபி எங்கும் முதலிடம். 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு 2016இல் அதைத்தான் காட்டியது, மாற்றக்கூடிய பத்துக் காரணிகள் சேர்ந்து பக்கவாத ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை விளக்கின. ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் எனும் இதயத் துடிப்புக் கோளாறின் பங்கு மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் கூடுதல். வாத இதய நோய் (சிறுவயதில் தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் காய்ச்சலால் இதய வால்வு கெடுவது) இன்னும் இருக்கும் நாடுகளிலோ அதே கோளாறு இளவயதிலேயே, வால்வு சுருங்கி வருகிறது. பெயர் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்று என்று நினைக்காதீர்கள், 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில் இவர்களுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளில் ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்தே நல்லது என்று தெரிந்தது.

கேள்வி: அறிகுறியை வைத்தே அடைப்பா கசிவா என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியாது. ஸ்கேன் எடுக்கும் முன் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.