தாத்தா விட்ட பாதை

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் ஒன்றரை ஏக்கர் நிலம், அப்பாவுக்குப் பிறகு என் பெயரில் பட்டா. நடுவே ஒற்றையடிப் பாதை. அந்தோணியார் கோயிலுக்கும் கல்லறைக்கும் ஊரார் அதில்தான் போகிறார்கள். "சுற்றிப் போனால் தூரம், நம் காட்டு வழியே போகட்டும்" என்று தாத்தா விட்டார். சிறு வயதில் என் காதால் கேட்டேன். போன மாதம் கம்பி வேலி போட்டேன். இரண்டே நாளில் அறுத்துவிட்டார்கள். அப்பா அந்தக் கோயிலுக்கு எவ்வளவோ செய்தவர். மைத்துனருக்குப் பவர் (எனக்குப் பதிலாகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்து வழக்குப் போடலாமா?

பதில்: அப்பா செய்த நன்மையும் ஊரார் காட்டிய நன்றிகேடும் நீதிமன்றத்தில் செல்லாது. அறுந்த வேலிக்குக் கிடைப்பது மிஞ்சினால் கம்பி விலை. புலப்படத்தில், அதாவது அரசின் நில அளவை வரைபடத்தில், அது பாதை என்று பதிவாகியிருந்தால் உங்கள் வழக்கு நிற்காது, இதற்கு மேல் நீங்கள் படிக்கவே வேண்டாம். இல்லையென்றால் கேள்வி ஒன்றுதான்: அவர்கள் நடந்தது அனுமதியிலா, உரிமையிலா?

அடுத்தவர் நிலத்தில் நடக்கும் வழி போன்ற உரிமைகளைப் பற்றியது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். அதன் 15ஆம் பிரிவுப்படி, வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையாகவும் 20 ஆண்டுகள் நடந்தால் வழியுரிமை பிறக்கும். அனுமதியோடு நடந்தால் நூறு ஆண்டானாலும் பிறக்காது. உங்கள் வேலியால் அவர்கள் கணக்கு அறுபடவும் இல்லை. தடையை அறிந்தும் ஓராண்டு பொறுத்துக்கொண்டால்தான் சட்டம் அதைத் தடை என்று ஏற்கும். இரண்டு நாள் வேலி எந்தக் கணக்கிலும் சேராது.

ஆகத் தாத்தாவின் அந்த ஒரு வாக்கியம்தான் உங்கள் வழக்கு. அதைக் கேட்டது யார்? நீங்கள். மைத்துனர் அல்லர். சிங்கப்பூர்க் கட்சிக்காரர்கள் வரிசையாக வந்து விழும் குழி இதுதான். நோட்டரி கையெழுத்து, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் சான்று எல்லாம் ஒழுங்காக முடித்துப் பவரை அனுப்புவார்கள். பவர் வாங்கியவர் வழக்குப் போடலாம், வாய்தாவுக்குப் போகலாம். உங்களுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்ததை உங்களுக்குப் பதிலாகச் சாட்சியம் சொல்ல முடியாது. ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் 2004இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. கூண்டில் ஏற வேண்டியவர் நீங்கள். எத்தனை முறை லீவு கிடைக்கும் என்பதை உங்கள் முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த குழி, வழக்குரை, அதாவது வழக்குப் போடுபவர் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு. என்னிடம் மேல்முறையீட்டுக்கு வந்த ஒருவரின் வழக்குரையை அவருடைய அண்ணன் ஊரில் அவசரமாக எழுதச் சொல்லியிருந்தார். மூன்றாம் பத்தியில் ஒரு வரி: "ஊரார் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பாதை போலப் பயன்படுத்தி வருகிறார்கள்." கோபத்தில் எழுதிய குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியே கூப்பிடவில்லை. அந்த வரியை மட்டும் வாசித்தார். ஊரார் அனுமதியில் அல்ல, உரிமையில் நடந்தார்கள் என்று வழக்குப் போட்டவரே ஒப்புக்கொண்டதாகிவிட்டது. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதுபோல ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? இனிமேல் எழுதாதீர்கள்.

கோயில் தன் நிலத்துக்கு வழி கேட்டால் 20 ஆண்டுக் கணக்கு. ஊரார் இது ஊர் வழக்கம் என்று கிளம்பினால் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு. அங்கே அந்தக் கணக்கே கிடையாது. ஊரார் அனைவர் சார்பிலும் சிலர் நின்று வழக்கை நடத்தி, நீங்கள் தோற்றீர்களானால் அது எல்லாருக்கும் ஆன தீர்ப்பு. தாத்தாவின் தயவு அன்றோடு தீர்ப்பாணை ஆகிவிடும். நாளை நிலத்தை வாங்க வருபவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

சமரசம் செய்யுங்கள். பாதையைத் தெற்கு வரப்போரம் மாற்றி, சப்பரமும் சவப்பெட்டி தூக்கி வருபவர்களும் இடிக்காமல் போக ஆறடி அகலம் விடுங்கள். மீதி நிலத்துக்கு வேலி. இது உங்கள் அனுமதியில் நடப்பது என்ற வாசகத்தோடு எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் பங்குத்தந்தையுடையது மட்டும் போதாது, அவர் மாற்றலாகிப் போவார். சொத்து மறைமாவட்டத்தின் பெயரில் இருந்தால் அங்கிருந்து அதிகாரம் பெற்றவர் போட வேண்டும். இதைப் பேசவாவது மைத்துனரை அனுப்பாமல் நீங்களே போங்கள். ஜூன் 13 திருவிழாவுக்குப் போனால் எல்லாரும் ஊரில் இருப்பார்கள்.