ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தலாமா?

பதின்பருவப் பிள்ளைகளின் ஈறு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பல் மருத்துவர்கள் தரும் பதில்கள்

கேள்வி: 14 வயதாகும் என் மகளுக்குப் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் கசிகிறது. வலிக்கும் என்று அந்தப் பக்கத்தைத் தொடாமலே விட்டுவிடுகிறாள். வயதுக்கு வந்த பெண்களுக்கு இது சகஜம், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் என் அக்கா. உண்மைதானா?

பதில்: பாதி உண்மை. பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்களால், கொஞ்சம் அழுக்குக்கே ஈறு பொங்கிச் சிவந்துவிடும். பையன்களுக்கும் இப்படித்தான். ஆனால் ஹார்மோன் மட்டும் ஈறை வீங்க வைக்காது. ஈறோரம் கிருமிப் படலம் தங்கியிருந்தால்தான் வீங்கும். பல்லும் ஈறும் சேரும் இடத்தை நகத்தால் லேசாக வழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிர் மஞ்சளாக, குழைந்த மாவு மாதிரி ஒட்டினால் அதுதான் படலம்.

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடக் கூடாது; அங்கேதான் கூடுதல் கவனத்தோடு தேய்க்க வேண்டும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் சகாக்களும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. உங்கள் மகளுக்கும் முதல் சில நாட்கள் ரத்தம் வரும். பயப்படாமல் தொடரட்டும்.

தேய்க்கும் முறைதான் முக்கியம். தலை சிறியதாக, இழை மென்மையாக இருக்கும் பிரஷ்ஷில் பட்டாணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட் போதும். இழைகளை ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து, நுனி ஈறின் விளிம்பில் படும்படி வைக்க வேண்டும். இரண்டிரண்டு பற்களாக, இடம் நகராமல் பத்துத் தடவை சின்னதாக அசைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். எல்லாம் சேர்த்து 2 நிமிடம். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்கு மட்டும் பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். படலம் இறுகிக் கல் போலாகும் காரை சீக்கிரம் கட்டுகிற இடம் அது. கட்டிவிட்டால் எந்த பிரஷ்ஷாலும் போகாது, பல் மருத்துவர் கருவியால் அகற்றும் ஸ்கேலிங்தான் வழி. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடத் தொடங்கும் என்பது வெறும் புரளி.

கேள்வி: 16 வயது மகன் நள்ளிரவு வரை போனும் கையுமாக இருக்கிறான். கூடவே நொறுக்குத்தீனி, குளிர்பானம். காலையில் மட்டும் கெட்டியான பிரஷ்ஷால் அழுத்தி அழுத்தித் தேய்க்கிறான். ஆனாலும் ஈறு வீங்கியே இருக்கிறது.

பதில்: அவன் தேய்க்கிற நேரமும் தவறு, பிரஷ்ஷும் தவறு. தூக்கத்தில் எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கும் அந்தக் காவல் இரவில் கிடையாது. சர்க்கரைப் பிசுக்கோடு தூங்கினால் கிருமிகளுக்கு விடிய விடிய விருந்து. குளிர்பானத்தை ஒரே மூச்சில் குடித்து முடிப்பதைவிட மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பதுதான் அதிகக் கெடுதல்.

“படுக்கும் முன் பல் தேய்” என்று சொல்லிப் பயனில்லை. அந்த வயதில் கையில் போனோடு அப்படியே தூங்கிப்போவார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில் தேய்க்கச் சொல்லுங்கள், அதன்பின் தண்ணீர் மட்டும். நடைமுறையில் இதுதான் எடுபடுகிறது. பேஸ்ட் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடு போய்விடும். பல்லிடுக்கில் பிரஷ் நுழையாது என்பதால் இரவில் ஒருமுறை ஃப்ளாஸ் நூலும் வேண்டும்.

கெட்டி பிரஷ்ஷை இன்றே தூக்கிப் போடுங்கள். அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கி வேர் தெரியும், பல் கூசும். இறங்கிய ஈறு தானாக மேலேறாது.

கேள்வி: மகளுக்கு மேல் முன்பற்களின் ஈறு மட்டும் எப்போதும் சிவந்து, பளபளவென்று இருக்கிறது. ஒழுங்காகத்தான் தேய்க்கிறாள்.

பதில்: தூங்கும்போது உதடு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாயால் மூச்சு விட்டால் அந்த இடத்து ஈறு காய்ந்து இப்படி ஆகும். மூக்கடைப்பு, அலர்ஜி, அடினாய்டு (மூக்கின் பின்புறம் வளரும் சதை) எதுவாகவும் இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறேன். ஈறு பொங்கி கிளிப்பைத் தொடுகிறது. மவுத்வாஷ் போதுமா?

பதில்: போதாது. மவுத்வாஷ் தடித்த படலத்துக்குள் ஊடுருவாது. கிளிப்புக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை பிரஷ்ஷைச் சாய்த்துத் தேய்த்துவிட்டு, கம்பிக்கு அடியில் பல்லிடை பிரஷ்ஷை நுழைத்து எடுங்கள். இதற்கு 2 நிமிடம் பற்றாது. மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷை எழுதித் தந்தால் அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். நீண்ட நாள் போட்டால் பல் பழுப்பாகும். பேஸ்ட்டோடு சேர்ந்தால் வீரியம் குறையும், இடையில் அரை மணி விடுங்கள்.

கேள்வி: வேப் (மின் சிகரெட்) பிடிக்கும் நண்பனுக்கு ஈறில் ரத்தமே வருவதில்லை. அப்படியென்றால் பாதிப்பில்லைதானே?

பதில்: நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உள்ளே நோய் இருந்தாலும் ரத்தம் வராமல் போகலாம். எச்சரிக்கை மணியைப் பிடுங்கிப் போட்ட மாதிரிதான்.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் ரத்தம் நிற்காவிட்டால். ஈறு பார்க்க நன்றாக இருந்தும் முன்பல்லோ முதல் கடைவாய்ப்பல்லோ ஆடினால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இளவயதிலேயே எலும்பைக் கரைக்கும் ஒருவகை நோய் இந்தப் பற்களைத்தான் தாக்கும். அது குடும்பத்தில் பரவலாக வரக்கூடியது, எனவே உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். தேர்வு நேரத்தில் தூக்கம் கெட்டு, பல்லிடுக்கு ஈறின் நுனி சாம்பல் நிறமாகப் புண்ணாகி, கடும் வலியும் துர்நாற்றமும் வந்தால் அன்றைக்கே போங்கள். தொடாமலே ரத்தம் வடிந்து, கூடவே காய்ச்சல், சோர்வு, உடம்பில் காரணமில்லாத கன்றல்கள் இருந்தால் அதே நாளில் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.