டீ வந்தது, மினிட்ஸ் வரவில்லை

கேள்வி: சுயநிதிக் கல்லூரி ஒன்றில் 9 வருடமாக உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். வருடா வருடம் ஜூனில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இந்த முறை சங்கமாகச் சேர்ந்து கோரிக்கை கொடுத்தோம். பேசப் போகிற ஐந்து பேரில் நானும் ஒருத்தி. "கிராஜுவிட்டி தருகிறோம், சம்பளத்தை அடுத்த வருடம் பார்க்கலாம்" என்கிறது நிர்வாகம். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, அவர்கள் மனது வைத்துத் தருவதல்ல. 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்த ஆசிரியருக்கும் அது உண்டு என்று 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றார்கள். தனியார் பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்காடி, 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. உங்கள் பணத்தையே எடுத்து உங்களுக்கு மொய் எழுதப் பார்க்கிறார்கள். சம்பளத்தைப் பேசுங்கள்.

இன்னொன்று. அப்போது இருந்த தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று 1988இல், கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கற்பிப்பது உன்னதப் பணியாம். (உன்னதத்தைக் காட்டி மளிகைக்கடையில் கடன் கேட்டுப் பாருங்கள்!) ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளி லேபர் கோர்ட் படியேறுவது போல நீங்கள் ஏற முடியாது. அதனால் பேசி வாங்குவதை அன்றைக்கே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு மே மாதம், வேலூர் வெயிலில் மூன்று மணி நேரம் பேசினோம். டீ வந்தது, பட்டர் பிஸ்கட் வந்தது. செயலர் எழுந்து வந்து கை கொடுத்து, "செஞ்சிடலாம் சார்" என்றார். ஜூனில் செயலர் மாறிவிட்டார். புதியவர் கேட்டது ஒன்றுதான்: "மினிட்ஸ் எங்கே?" பேசியதை எழுதிவைக்கும் அந்த மினிட்ஸ் நோட்டைப் புரட்டினால் தேதியும் வந்தவர்கள் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை மட்டும்தான்.

ஐவரில் ஒருவர் வாயே திறக்காமல் எழுதட்டும். கிளம்பும் முன் வாசித்துக் காட்டி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால், இன்னின்னது பேசினோம் என்று அன்று மாலையே கடிதமாக எழுதி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். 'அடுத்த வருடம்' என்றால் எந்த மாதச் சம்பளத்திலிருந்து, எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். உங்களை மட்டும் தனியாக அறைக்குக் கூப்பிட்டால், "ஐந்து பேருமாக வருகிறோம் சார்" என்று சிரித்தபடியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தொடர்ந்து வேலை பார்த்ததற்குச் சான்றாக அந்த 9 நியமன ஆணைகளையும் தேடி எடுத்து ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். ஏதாவது ஒன்று காணவில்லை என்றால், அந்த வருடச் சம்பளம் வரவான பாஸ்புக் பக்கம் கைகொடுக்கும்.