குணமான வீரருக்கு பிசிஆர் இன்னும் பாசிட்டிவ்: திரும்பப் பூட்டி வைக்கணுமா?

கோவிட்டிலிருந்து குணமான உங்கள் அணி வீரருக்கு பிசிஆர் இன்னும் பாசிட்டிவ், மறுபடி தனிமைப்படுத்தணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு ரிசல்ட்டை மட்டும் வைத்து அப்படிச் செய்ய வேண்டாம். கோவிட் உறுதியாகி 14 நாள் ஆகிவிட்டது, காய்ச்சல் விட்டு ஒரு வாரம் என்கிறீர்கள். அநேகமாக இது செத்த வைரஸின் மிச்சம்தான். பிசிஆர் மரபணுத் துண்டைத்தான் தேடும், அது உயிருள்ள வைரஸிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது, அதனால் சிலருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும்.

லேபில் சிடி மதிப்பைக் கேட்டு வாங்குங்கள் (ஸ்கேன் சிடி இல்லை, அந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது). சாம்பிளில் வைரஸ் தென்பட அதை எத்தனை சுற்று பெருக்க வேண்டியிருந்தது என்ற எண் அது, எண் கூடக்கூட வைரஸ் குறைவு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ள முதலில் 40 என்று வைத்திருந்த வரம்பை 35 ஆக்கினார்கள்.

அப்புறம் 24 மணி நேரம் கழித்து அதே லேபில் இன்னொரு முறை எடுங்கள். கிட் மாறினால் எண்ணும் மாறும், ஒப்பிடவே முடியாது. எண் ஏறினால் நல்லது. நன்றாக இறங்கினால் புதுத் தொற்றின் தொடக்கமாக இருக்கலாம், உடனே தள்ளி வையுங்கள். ஒன்று, மூக்கில் மேலோட்டமாக எடுத்த சாம்பிளும் எண்ணைக் கூட்டிக் காட்டும், எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

இதெல்லாம் தொற்றுக்கு மட்டும். நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கமில்லாத மூச்சிரைப்பு இருந்தால் கோச் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதயப் பரிசோதனைகளான இசிஜி, எக்கோ, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் களத்தில் இறக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் என்றால் மேலே சொன்ன நாள் கணக்கும் செல்லாது. கடைசி அனுமதி எப்படியும் உங்கள் லீக்கின் மருத்துவக் குழு கையில்தான்.