கேனிஸ்டர் ஃபில்டர் ஒழுகுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பதினான்கு வருஷமாக மீன் வளர்க்கிறேன். தொட்டிக்குக் கீழே வைத்து, ஹோஸ் வழியாகத் தண்ணீரை இறக்கி வடிகட்டி மேலே அனுப்பும் மூடிய டப்பாதான் கேனிஸ்டர் ஃபில்டர். வீட்டில் மூன்று ஓடுகின்றன. ஒழுகல் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பம், கடலூர்: அண்ணா, ஃபில்டரைக் கழுவி மாட்டினாலே மறுநாள் அடியில் ஈரம். மூடிக்குப் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டும் நிற்கவில்லை. பாடியில் விரிசலா?

தம்பி, விரிசலை அப்புறம் பார்க்கலாம். ரிங் உட்காரும் பள்ளத்தைச் சுத்தம் செய்தீர்களா? ரிங்கைத் துடைத்துவிட்டுப் பள்ளத்தை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. எனக்கும் நடந்தது. ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அவசரமாகக் கழுவி மாட்டிவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் தொட்டித் தண்ணீரில் பாதி ஹாலில். ரிங்கை உருவிப் பார்த்தேன், கடுகில் பாதி அளவுக்கு ஒரே ஒரு மணல். அது உட்கார்ந்திருந்த இடத்தில் ரப்பரில் லேசாகத் தழும்பு விழுந்திருந்தது. இரண்டு மீன் போய்விட்டது. அன்றிலிருந்து ராத்திரியில் ஃபில்டரைத் திறப்பதே இல்லை.

ரிங்கை விரலாலேயே கழற்றுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் படவே கூடாது. வெளிச்சத்தில் லேசாக இழுத்துப் பார்த்தால் முடி அளவு வெடிப்புகூடத் தெரியும். பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளத்தையும், ரிங் போய் அழுந்தும் டப்பாவின் விளிம்பையும் தேய்த்துவிட்டு, விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தட்டுப்படும். ரிங்கில் தடவும் சிலிகான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்குப் போதும். ரிங் எங்கேயும் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வேண்டும்.

அடுத்தது, ஸ்பாஞ்சை அடைத்து வைக்காதீர்கள். ஸ்பாஞ்ச் இருக்கும் உள்கூடை மேலே தூக்கினால் மூடி சரியாக அமராது. கிளிப்பைப் பலம் போட்டுப் பூட்ட வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்தித் திறந்து பாருங்கள். எதிரெதிர் கிளிப்பாகப் பூட்டினால் மூடி ஒரு பக்கம் சாயாது.

புது ரிங் போட்டும் நிற்கவில்லை என்கிறீர்களே, ஹோஸ் வந்து சேரும் வால்வுக்கு அடியிலும் பல மாடல்களில் சின்ன ரிங்குகள் உண்டு. அங்கே கசிந்தாலும் தண்ணீர் வழிந்து அடியில்தான் தேங்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வால்வைச் சுற்றி ஒரு டிஷ்யூ, மூடி விளிம்பில் ஒரு டிஷ்யூ சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். எது முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு.

லாஸ்பேட்டை: கிரீஸுக்குப் பதிலாக வாஸ்லின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவலாமா சார்?

வேண்டாம் அம்மா. பெட்ரோலியப் பொருள் பட்டால் சில வகை ரப்பர் ஊதிப்போய்ப் பள்ளத்தில் உட்காராது. எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாக மிதக்கும். சிலிகான் கிரீஸ்தான் சரி. ஆர்.ஓ. சர்வீஸ் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சின்ன டப்பா வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

நெல்லிக்குப்பம்: மோட்டாரை நிறுத்தினால் ஒழுகல் நின்றுவிடுமா?

நிற்காது. தண்ணீரைக் கீழே தள்ளுவது மோட்டார் இல்லை, தொட்டியின் உயரம். ஒரு மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 100 கிராம் அழுத்தம். கரண்ட் போனாலும் அது அப்படியேதான் இருக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், அடுத்த நொடி இரண்டு வால்வையும் மூடுங்கள்.

கடலூர் முதுநகர்: ஹோஸ் முனையில் சொட்டுகிறது. கிளாம்ப் எவ்வளவு இறுக்கியும் பலனில்லை.

ஹோஸ் விறைத்துப்போயிருக்கும். மேலும் இறுக்கினால் வால்வின் பிளாஸ்டிக் மூக்கு உடையும், பார்த்து. வால்வை மூடி ஹோஸைக் கழற்றி, முனையில் ஒரு அங்குலம் நேராக வெட்டிவிட்டு, வெந்நீரில் ஒரு நிமிஷம் வைத்து அடிவரை ஏற்றுங்கள். ஆறியதும் கவ்விக்கொள்ளும். முழு ஹோஸும் விறைத்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. நம் ஊர் உப்புக் காற்றுக்குச் சாதா இரும்பு கிளாம்ப் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: போர் தண்ணீர். வால்வு கைப்பிடி இறுகிவிட்டது.

உப்புப் படிவு. கழற்றி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். பலவந்தமாகத் திருப்பாதீர்கள்.

அரியாங்குப்பம்: இருவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் ஒழுகினால் யாரும் இல்லை. என்ன செய்வது அண்ணா?

ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள் வையுங்கள். சின்னக் கசிவுக்கு அது போதும். ஆனால் 200 லிட்டர் தொட்டிக்கு டப் காணாது. அதற்கு, உறிஞ்சும் குழாயில் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் (தண்ணீர் தானாகக் கீழே இறங்கும் ஓட்டம்) அறுந்துவிடும், மீனுக்குத் தண்ணீர் மிஞ்சும். திரும்பி வரும் குழாயின் வாயும் அதே உயரத்துக்குக் கீழே போகக் கூடாது, அந்த வழியாகவும் தண்ணீர் இறங்கும். வெயில் காலத்தில் ஆவியாகி மட்டம் குறைந்தால் துளை காற்றை இழுக்கும், அதனால் அவ்வப்போது தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருங்கள்.

ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கிவிட்டு மேலேறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் முதலில் அதை மாட்டுங்கள்.

கழுவும் வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று முழுக்க வீட்டில் இருப்பீர்கள், போகும்போதும் வரும்போதும் டிஷ்யூவைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.