ஐந்து குவாட், ஒரு வெள்ளி: சாஷா ட்ரூசோவா பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில்கள்

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சிவப்பு முடியுடன் ஒரு ரஷ்யப் பெண் வரிசையாகக் குவாட் (காற்றில் நான்கு சுற்று சுழலும் ஜம்ப்) போடும் வீடியோ மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கிறது போல. அவர் பெயர் அலெக்சாந்த்ரா ட்ரூசோவா, ரசிகர்களுக்கு சாஷா. ஆளாளுக்குக் கேள்வி கேட்டு வைத்திருக்கிறீர்கள், மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஸ்கேட் கட்டியவள் இல்லை. 2014 சோச்சியில் இருந்து ஒரு சீசன் விடாமல் பார்க்கிறவள், போட்டி முடிந்ததும் நடுவர்களின் மதிப்பெண் தாளை வரிவரியாகப் படிக்கிற கிறுக்கும் உண்டு. அந்த அளவுக்குத்தான் என் தகுதி.

கேள்வி: அக்கா, அஞ்சு குவாட் போட்டும் தங்கம் ஏன் கிடைக்கல? இது அநியாயம் இல்லையா?

அநியாயம் இல்லை. கணக்கைப் பார்த்தால் தெரியும்.

தனிநபர் போட்டி இரண்டு நாள் நடக்கும். முதல் நாள் ஷார்ட் ப்ரோகிராம், 2 நிமிடம் 40 நொடி. அடுத்தது ஃப்ரீ ஸ்கேட், 4 நிமிடம். இரண்டையும் கூட்டித்தான் பதக்கம். நீங்கள் எல்லாரும் பார்ப்பது ஃப்ரீ ஸ்கேட் வீடியோ மட்டும். அதில் சாஷாவுக்கு 177.13, தங்கம் வாங்கிய அன்னா ஷெர்பகோவாவுக்கு 175.75. ஆக அந்த நாளில் ஜெயித்தது சாஷாதான்! ஷார்ட்டில்தான் அன்னா 80.20, சாஷா 74.60. கூட்டிப் பார்த்தால் 255.95-க்கு 251.73. கணக்கில் சென்டம் வாங்கிவிட்டு இங்கிலீஷ் பேப்பரில் கோட்டை விட்ட கதை.

அந்த ஷார்ட்டில் என்ன நடந்தது தெரியுமா? ட்ரிபிள் ஆக்ஸல், அதாவது மூன்றரைச் சுற்று ஜம்ப், முயற்சி செய்து விழுந்தார். அந்த ஜம்ப்பின் அடிப்படை மதிப்பு 8 புள்ளி. விழுந்தால் பாதி போய்விடும், அதற்கு மேல் விழுந்ததற்கென்று தனியாக 1 புள்ளி வெட்டுவார்கள். கையில் மிஞ்சுவது 3 அல்லது அதற்கும் கீழே. சுமாராக நின்றிருந்தால்கூட 8 வந்திருக்கும், அதாவது குறைந்தது 5 புள்ளி கூடுதல். தங்கத்துக்கு இருந்த தூரமோ 4.22. அந்த ஒரு ஜம்ப்தான் அவருடைய ஒலிம்பிக். இதை யோசித்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

கேள்வி: குவாட் அவ்வளவு நல்லா வருதுன்னா, ஷார்ட்லயும் ஒண்ணு போட்டிருக்கலாமே?

கூடாது! ஷார்ட்டில் பெண்களுக்குக் குவாட் அனுமதி கிடையாது. ஆண்கள் போடலாம். இவர் வந்தபிறகு இதை மாற்றச் சொல்லி எவ்வளவோ பேச்சு நடந்தது, பெய்ஜிங் வரைக்கும் மாறவில்லை. ஃப்ரீ ஸ்கேட்டில் நாலு வகைக் குவாட் போடுகிற ஒருவரை ஷார்ட்டில் கையைக் கட்டி நிறுத்திவிட்டு, "ட்ரிபிள் ஆக்ஸல் போட்டால் போடு, இல்லாவிட்டால் டபுள் ஆக்ஸலோடு போ" என்றால் என்ன செய்வார்? ஆக்ஸல் அவருக்கு ஒருபோதும் கைவந்த ஜம்ப் இல்லை. அது மட்டும்தான் முன்பக்கமாகப் பார்த்துக் கிளம்புகிற ஜம்ப், அரைச் சுற்று கூடுதல், நுட்பமே வேறு. மற்ற ரஷ்ய வீராங்கனைகளான கொஸ்தோர்னாயாவுக்கும் துக்தமிஷேவாவுக்கும் அது சர்வசாதாரணம். சாஷாவுக்கு லட்ஸ் என்கிற இன்னொரு வகை ஜம்ப் சாதாரணம். விதி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

முடிவு அநியாயம் இல்லை என்று மேலே சொன்னேன், அதில் மாற்றமில்லை. விதி அநியாயம் என்பது வேறு விஷயம்.

கேள்வி: முதல்ல குவாட்னா என்னன்னு சொல்லுங்க மேடம். எனக்கு எல்லா ஜம்ப்பும் ஒரே மாதிரிதான் தெரியுது.

தப்பில்லை, எல்லாருக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான். காற்றில் நான்கு முறை சுழன்று ஒற்றைக் காலில், பின்பக்கமாக வழுக்கியபடி இறங்கினால் அது குவாட். காற்றில் இருக்கிற நேரம் முக்கால் நொடிகூடக் கிடையாது.

எப்படிக் கிளம்புகிறார் என்பதை வைத்துத்தான் பெயர். சாஷாவின் லட்ஸை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். இடது காலில் பின்னோக்கி நீளமாக ஒரு வளைவு போடுவார், எடை அந்த பிளேடின் வெளி விளிம்பில் சாய்ந்திருக்கும். பிறகு வலது ஸ்கேட்டின் முனைப் பற்களைப் பனியில் குத்தி எம்புவார். வளைவு ஒரு பக்கம் இழுக்க, உடம்பு எதிர்ப்பக்கம் சுழல வேண்டும், அதனால்தான் அது கஷ்டம். அதே மாதிரி கிளம்பி, ஆனால் எடை உள் விளிம்பில் இருந்தால் அது ஃபிளிப். 2021-22 சீசனில் மதிப்பு இப்படி: டோ லூப் 9.5, சால்கோ 9.7, லூப் 10.5, ஃபிளிப் 11, லட்ஸ் 11.5. எல்லாம் குவாட் கணக்கு. ட்ரிபிள் லட்ஸ் வெறும் 5.9 என்றால் ஏன் எல்லாரும் குவாட் பின்னால் ஓடினார்கள் என்று புரியும்.

இன்னொரு விஷயம். ஒரே வகைக் குவாடை இஷ்டத்துக்குத் திருப்பிப் போட முடியாது, ஏதாவது ஒரு வகையை மட்டும் இரண்டு தடவை போடலாம். நாலு வகை கையில் இருந்தால் அதிகபட்சம் ஐந்து. ஃபிளிப், சால்கோ, டோ லூப், அப்புறம் லட்ஸ் இரண்டு முறை என்று அந்த ஐந்தையும் பெய்ஜிங்கில் இறக்கினார். சில லேண்டிங் தடுமாறியது உண்மை, ஆனால் விழவில்லை. ஒலிம்பிக்கில் எந்தப் பெண்ணும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை.

கேள்வி: குவாட் போட்ட முதல் பெண் இவர்தானே?

இல்லை, ஜப்பானின் மிக்கி ஆண்டோ. 2002-இல் ஜூனியர் போட்டியில் குவாட் சால்கோ போட்டார். அதற்கப்புறம் பதினைந்து வருடத்துக்கு மேல் இன்னொரு பெண் அந்தப் பக்கம் வரவில்லை. 2018 மார்ச்சில் சோஃபியாவில் உலக ஜூனியர் போட்டி, சாஷாவுக்கு 13 வயது, ஒரே ப்ரோகிராமில் சால்கோவும் டோ லூப்பும் போட்டு 225.52 புள்ளியோடு தங்கம் வாங்கிப் போனார். டோ லூப்பில் அவர்தான் முதல் பெண். அதே வருடம் அக்டோபரில் ஆர்மீனியாவின் யெரெவானில் லட்ஸ், 2019 டிசம்பரில் டூரின் கிராண்ட் பிரி ஃபைனலில் ஃபிளிப். அந்த இரண்டிலும் அவர்தான் முதல்.

டூரினில் அவருக்கு வந்தது வெண்கலம். முதலிடம் கொஸ்தோர்னாயா, ஒரு குவாட்கூட இல்லாமல், ட்ரிபிள் ஆக்ஸலை வைத்து. இரண்டாமிடம் ஷெர்பகோவா. சாஷாவின் முழு சீனியர் வாழ்க்கையின் முன்னோட்டம் அந்த மேடையிலேயே இருந்தது.

கேள்வி: வெள்ளி வாங்கிட்டு அப்படி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணது சின்னப்பிள்ளைத்தனம் இல்லையா? எத்தனை பேருக்கு அந்த வெள்ளி கனவு!

17 வயசு அண்ணா. சின்னப்பிள்ளைத்தனம் இருக்கத்தான் செய்யும்.

கேமராவில் மாட்டியது என்னவென்றால், எல்லாரிடமும் தங்கம் இருக்கிறது, தன்னிடம் மட்டும் இல்லை, இந்த விளையாட்டையே வெறுக்கிறேன், இனி பனியில் இறங்கவே மாட்டேன் என்று அழுதது. இதைக் கேட்கும்போது பின்னணி தெரிந்திருக்க வேண்டும். ரஷ்யாவிலிருந்து போன பெண்கள் மூன்று பேர்: சாஷா, அன்னா, கமிலா வலீவா. அணிப் போட்டியில் இரண்டு ப்ரோகிராமையும் வலீவாவையே ஆடவைத்தார்கள், அதில் ரஷ்யாதான் முதலில் வந்திருந்தது. தனிநபர் தங்கம் அன்னாவுக்கு. ஆக மூன்று பேரில் வெறும் கையோடு நின்றதாக அந்த நிமிடத்தில் நினைத்தது சாஷா. ஒரே பயிற்சியாளரிடம், ஒரே அரங்கில், தினமும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த மூன்று பேர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சொல்லப்போனால் அன்றைக்கு அந்த அறையில் யாருமே சந்தோஷமாக இல்லை. ஒரு பக்கம் வலீவா இடிந்துபோய், இன்னொரு பக்கம் சாஷா கத்திக்கொண்டு, தங்கம் வாங்கிய அன்னா கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் பொம்மையை வைத்துக்கொண்டு தனியாக. எனக்கு அதில் அன்னாவைப் பார்க்கத்தான் முடியவில்லை.

கேள்வி: ஊக்கமருந்து விவகாரத்துல மாட்டுனது இவர்தானா?

இல்லவே இல்லை, இரண்டு பேரையும் குழப்பாதீர்கள். அது கமிலா வலீவா. 2021 டிசம்பர் 25 அன்று எடுத்த மாதிரியில் ட்ரைமெட்டாசிடின் என்கிற இதய மருந்து இருந்தது, முடிவு ஒலிம்பிக் நடுவில்தான் வெளியே வந்தது. அப்போது அவருக்கு 15 வயது. ஷார்ட்டில் முதலிடத்தில் இருந்தவர் ஃப்ரீ ஸ்கேட்டில் விழுந்து விழுந்து நாலாவது இடத்துக்குப் போனார். 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் நான்கு வருடத் தடை விதித்தது, அணித் தங்கம் அமெரிக்காவுக்குப் போனது.

கேள்வி: குதிக்கிறதைத் தவிர இவங்ககிட்ட ஒண்ணுமே இல்லைன்னு என் ஃப்ரெண்ட் சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?

உங்கள் ஃப்ரெண்ட் கொஞ்சம் கடுமை, ஆனால் அடிப்படையில்லாமல் பேசவில்லை. பெய்ஜிங் தாளிலேயே இருக்கிறது: தொழில்நுட்பத்துக்கு 106.16, கலைப்பக்கத்துக்கு 70.97. அந்தப் பக்கம் அப்போது பெண்களுக்கு உச்சம் 80. அன்னாவுக்கு 75-க்கு மேல். இசையோடு கை, தலை, பார்வை எல்லாம் ஓடுவது அன்னாவுக்கு இயல்பு. சாஷா ஒரு ஜம்ப் முடிந்ததும் அடுத்த ஜம்ப்புக்குத் தயாராகிறார் என்பது முகத்திலேயே தெரியும். ஏழு ஜம்ப் வாய்ப்பில் ஐந்து குவாட் என்றால் மூச்சு எங்கே மிஞ்சும்?

ஆனாலும் எனக்குப் பிடித்தது அவர்தான். ஒரு குவாடைக் குறைத்து, ஸ்பின்னைச் சுத்தம் செய்து, பாதுகாப்பாகப் பதக்கம் வாங்கியிருக்கலாம் என்று எல்லாரும் அறிவுரை சொன்ன காலத்தில், கேட்காமல் கூட ஒன்றைச் சேர்த்தார். 2021 ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியில் ஷார்ட்டில் 12-ஆவது இடம். அங்கிருந்து ஐந்து குவாட் முயற்சி, நடுவில் விழுந்தும் எழுந்து, கடைசியில் வெண்கலம். இப்படி ஆடுகிறவரைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

கேள்வி: கோச்சை அடிக்கடி மாத்தினதா படிச்சேன். யார் யார்கிட்ட இருந்தார்?

பிறந்தது ரியாசான், 2004 ஜூன் 23. மாஸ்கோ வந்து அலெக்சாந்தர் வோல்கோவிடம் கொஞ்ச காலம், பிறகு சாம்போ-70 பள்ளியில் எத்தேரி துத்பெரித்சே. அங்கே ஜம்ப் பக்கம் முக்கியமான ஆள் செர்கேய் துதாகோவ். 2020 மே மாதம் எல்லாரையும் அதிரவைத்து முன்னாள் ஒலிம்பிக் சாம்பியன் பிளுஷென்கோவின் அகாடமிக்குப் போனார், சரியாக ஒரு வருடத்தில் திரும்பி வந்தார். ஒலிம்பிக் முடிந்ததும் மறுபடி கிளம்பி மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. கிளப்பில் ஸ்வெத்லானா சொகோலோவ்ஸ்காயாவிடம். அதுவும் நீடிக்கவில்லை.

கேள்வி: ரஷ்யப் பெண்கள் ஏன் 17, 18-லயே காணாம போயிடறாங்க? ஒவ்வொரு ஒலிம்பிக்லயும் புது முகம்தான் வருது.

இதுதான் நிறையப் பேர் கேட்டது.

2014-இல் லிப்னித்ஸ்காயா, 15 வயதில் அணித் தங்கம். 2017-இல் உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை எடுத்து ஓய்வு. 2018-இல் ஸாகிதோவா, 15 வயதில் தங்கம், 2019 டிசம்பரில் போட்டிக்கு இடைவேளை என்றார், திரும்பவில்லை. 2022-இல் அன்னா, தங்கம் வாங்கிய அதே வருடம் முழங்கால் அறுவை சிகிச்சை, அதன்பின் போட்டியே இல்லை. சாஷாவுக்குப் பாதத்திலும் முதுகிலும் காயம். 2021 ஸ்கேட் அமெரிக்காவில் கால் வலியோடு ஒரே ஒரு குவாட் வைத்து ஜெயித்தார், அடுத்த போட்டியிலிருந்து விலகினார்.

இதில் உடற்கூறு கொஞ்சம், ஏற்பாடு நிறைய. 13 வயதில் இடுப்பு ஒடுக்கம், எடை குறைவு, சுழற்சி வேகம் தானாக வரும். வளர்ந்தபின் அதே சுழற்சிக்கு உயரமும் பலமும் வேண்டும். அதைக் கட்டியெழுப்ப இரண்டு மூன்று வருடம் பிடிக்கும், பின்னால் பத்துச் சிறுமிகள் வரிசையில் நிற்கும்போது யார் காத்திருப்பார்கள்? அதற்குள் அதே அரங்கில் அடுத்த 13 வயதுக்காரி குவாட் போட ஆரம்பித்திருப்பாள். ரஷ்யாவுக்கு நஷ்டமே இல்லை, அதனால் யாருக்கும் அவசரமில்லை.

வேறு வழி இல்லை என்று யாராவது சொன்னால் துக்தமிஷேவாவைக் காட்டுங்கள். 2015 உலகச் சாம்பியன், நடுவில் சரிவு, 24 வயதில் 2021-இல் உலக வெள்ளி. அவருக்குப் பயிற்சி கொடுத்தது வேறு ஊரில் மிஷின், வேறு பள்ளி, வேறு பொறுமை.

2022 ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் வயதை 15-இலிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்தியது. நல்ல முடிவுதான். ஆனால் 17 வயதில் வரப்போகிறவரை 12 வயதிலேயே தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள அந்த விதியில் எதுவும் இல்லை.

கேள்வி: இப்போ எங்கே இருக்கார்? திரும்ப வருவாரா?

2022 மார்ச்சில் ரஷ்யர்களைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து தடை செய்தார்கள், ஆகவே பெய்ஜிங்குக்குப் பிறகு உலகப் போட்டி என்று அவருக்கு ஒன்றுமே இல்லை. உள்நாட்டில் ஒரு சீசன் முயற்சி செய்தார், முதுகு விடவில்லை. 2024-இல் ஸ்கேட்டர் மகார் இக்னாத்தோவைத் திருமணம் செய்தார், 2025-இல் ஆண் குழந்தை. 2026 மிலான் ஒலிம்பிக்குக்கு ரஷ்யப் பெண்களில் நடுநிலை வீராங்கனையாக (நாட்டின் பெயரும் கொடியும் இல்லாமல்) தகுதி பெற்றது அதேலியா பெத்ரோசியான், அவரும் துத்பெரித்சே மாணவி. சாஷா மறுபடி ஐந்து குவாடோடு வருவார் என்று நான் நம்பவில்லை. இரண்டு குவாடோடு வந்தாலும் ராத்திரி கண்விழித்துப் பார்ப்பேன்.

கேள்வி: எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம் அக்கா?

2018 சோஃபியா ஃப்ரீ ஸ்கேட். பிறகு 2019 ஸ்கேட் கனடா, அதில் ஜெயித்தார். பிறகு ஸ்டாக்ஹோம், கடைசியாக பெய்ஜிங். பெய்ஜிங்கில் ஷார்ட்டை முதலில் பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை.